மரத்துக்கு நேர்ந்த சீலை

“சித்தி, இந்த மரத்துக்கு ஆர் லிப்ஸ்ரிக் பூசினது?”

எலேனாவுக்கு அப்போது ஆறு வயது. சுவிஸில், ரெனான் என்ற ஊரில் அவர்களுடைய வீட்டு வரவேற்பறைத் தரையில், சித்தி அஞ்சலின் புதிதாக அச்சிட்டுக் கொண்டுவந்த படத்தை விரித்து வைத்திருந்தாள். மழைக்காட்டின் நடுவே ஒரு பெருமரம். அடியில், பலகைகளைப் போல விரிந்து மடிந்து இறங்கும் வேர்கள். அவற்றுக்கு மேலே தண்டில், ஆளுயரத்துக்கும் சற்று மேல், சிவப்பாக ஒரு தீற்று.

“லிப்ஸ்ரிக் இல்லையடி, பெயின்ற். வெட்டப்போற மரத்துக்கு அப்பிடி அடையாளம் போட்டு விடுவினம்.”

எலேனா படத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். “மரத்துக்கு அது தெரியுமோ?”

“தெரியாதெண்டுதான் நினைக்கிறன்.”

“நீங்களாவது அதுக்குச் சொல்லியிருக்கலாமே.”

அடுப்படியில் நின்ற எலேனாவின் தாய் பற்றிமா, “உன்ரை சித்தி மரங்களோடைதான் கதைக்கிறா எண்டு சனம் ஏற்கெனவே சொல்லுது. நீ வேறை எடுத்துக் குடு,” என்று சிரித்தாள். அஞ்சலினும் சிரித்தாள். குழந்தைக்கு உண்மையைச் சொல்வது எளிதாகத்தான் இருந்தது. பிறகு பெரியவர்கள் வந்து கேட்காமலே நின்றபோதுதான் அவளுடைய நாக்கு எழவில்லை.

சுவிஸ் தமிழருக்கு அஞ்சலினை இரண்டு விதமாகத் தெரியும். கலியாணவீடு, சாமத்தியவீடு, முதல்நன்மை என்று எதற்குக் கூப்பிட்டாலும் நேரத்துக்கு வந்து ஒழுங்காகப் படம் எடுத்துத் தருகிறவள் என்பது ஒன்று. அப்படி உழைத்ததை எல்லாம் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் என்பது மற்றது. இரண்டும் சரியே. மன்னாரில் பிறந்து, சண்டைக்காலத்தில் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். மணமக்களைப் படம் எடுத்த பணத்தில் போர்னியோவுக்குப் போனாள், கமரூனுக்குப் போனாள், கடைசியாக இலங்கையின் தெற்கே, இரத்தினபுரிக்கு அப்பால் உள்ள ஒரு மலைக்காட்டுக்குப் போனாள். மரத்தின் முன்னால் முதலில் சும்மா உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் வரும்வரை காத்திருப்பாள். கமெராவை எடுக்குமுன் ‘அருள் நிறைந்த மரியே’ ஒருமுறை சொல்லிக்கொள்வாள். சிலநாள் ஒரு படமும் எடுக்காமலே திரும்பிவிடுவாள்.

தொடக்கத்தில் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. காட்டைச் சரியாகக் காட்டிவிட்டால், பார்த்தவர் எவரும் அதை வெட்ட விடமாட்டார் என்று. இப்போது அவள் படம் எடுத்த காடுகளில் சில இல்லை. அவற்றின் படங்கள் மட்டும் வங்கிகளின் காத்திருக்கும் அறைகளில் அழகாகத் தொங்கின. படங்கள் தப்பிவிட்டன, காடுகள் தப்பவில்லை. ஐம்பது தாண்டிய உடம்பு. ஏறும்போது ஒரு முழங்கால் நொந்தது, இறங்கும்போது மற்றது நொந்தது. இரத்தினபுரிக் காட்டில் ஓடையை மறித்துச் சின்ன மின்நிலையம் ஒன்று கட்டப் போகிறார்கள். குழாய் போகும் வழியில் நின்ற மரங்களுக்கெல்லாம் சிவப்புக் குறி. ஊர்ச்சனம் வழக்குப் போட்டிருந்தது. இன்னொருமுறை வந்து படம் எடுத்துத் தரமுடியுமா என்று அவர்கள் கேட்டு எழுதியபோது, இனி என்னால் ஏலாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டுவிட்டாள். அது பொய்யில்லை. அவளுக்கு உண்மையாகவே ஏலாமல்தான் இருந்தது.

துன் நகரில் நடந்த கண்காட்சிதான் கடைசி என்று மனதுக்குள் வைத்திருந்தாள். ஆறெ ஆற்றங்கரையில் பழைய தானியக் களஞ்சியம் ஒன்றை ஒரு கலைச்சங்கம் மண்டபமாக்கி வைத்திருந்தது. அதை நடத்திய எமில் நல்ல மனிதர். மெல்லப் பேசுவார், அடிக்கடி தேநீர் ஊற்றித் தருவார். நவம்பர் மாதம். மலைகள் ஒன்றும் தெரியவில்லை. ஏரிக்கு மேல் பனிப்புகார் படுத்துக் கிடந்தது. மண்டபத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் குளிருக்கு ஒதுங்கியவர்கள். ஒரு படத்தின் முன் மூச்சு இரண்டு விடுமளவுக்கு நின்றார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். போய்விட்டார்கள்.

அவளைத் தேடி வந்த முதல் மனிதர் ஜோர்ஜ் அண்ணை. பேர்ண் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கருக்கு அவர்தான் எல்லாம். செபமாலைக் கூட்டம் வைப்பது, மரியஸ்ரைன் மாதா கோயில் யாத்திரைக்கு வான் பிடிப்பது, கூட்டுப்பாடலில் சுருதி பிசகினால் திரும்பி முறைப்பது. “எங்கடை பிள்ளையின்ரை கண்காட்சி, ஒருக்காப் பாத்துக்கொண்டு போவம்” என்று மனைவியோடு வந்தார். எல்லாப் படங்களையும் கல்யாண அல்பம் புரட்டுகிற வேகத்தில் பார்த்து முடித்தார். கடைசிச் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில் தொங்கிய பெருமரத்தின் முன்னால் வந்ததும் நின்றார்.

“தங்கச்சி, இஞ்சை வா. இது ஆர்?”

“மரம் அண்ணை.”

“மரம் எண்டு எனக்குத் தெரியாதோ? எனக்கென்ன கண் பொட்டையோ? மரத்துக்குள்ளை ஆர் நிக்கிறது எண்டு கேக்கிறன்.”

அவர் குடையின் நுனியால் காற்றில் வரைந்து காட்டினார். இதோ முக்காடு. இதோ சாய்ந்த தலை. இரண்டு வேர்மடிப்பும் இரண்டு கை. நடுவில் பாசி உருண்டிருக்கிற இடத்தில் பிள்ளை. நெஞ்சில், சரியாக நெஞ்சில், சிவப்பாக இருதயம்.

ஒருமுறை காட்டிய பிறகு அதைக் காணாமல் இருக்க அஞ்சலினாலும் முடியவில்லை. மாதா நின்றாள்.

‘அண்ணை, அது வெட்டுறதுக்குப் போட்ட குறி’ என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜோர்ஜ் அண்ணையின் மனைவி, குளிர்ச்சட்டையும் கைப்பையுமாகச் சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் தன் படம் ஒன்றின் முன்னால் ஒரு மனிதப்பிறவி முழந்தாளிட்டதை அஞ்சலின் கண்டதில்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டாள். படத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் அதைச் சொல்லும் சின்னக் குறிப்பு இருக்கிறதுதானே, வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலையே ஜோர்ஜ் அண்ணையின் குரல் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. “அன்பான உறவுகளே, துன் நகரத்திலே, ஒரு மரத்திலே, எங்கள் அன்னை...”

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வெளியே வரிசை நின்றது. பேர்ணிலிருந்தும் பீலிலிருந்தும் லுசேர்ணிலிருந்தும் வந்தார்கள். சைவச் சனமும் வந்தது. மடு மாதாவுக்கு ஊரிலும் அவர்கள் போகாமல் இருந்தார்களா என்ன. கோட்டுகளைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்று தடுமாறினார்கள். நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று எழுதியிருந்தபடியால் மின்கலத்தில் எரியும் மெழுகுதிரிகளை வாங்கிவந்து சுவரோரம் அடுக்கினார்கள். அணைக்க மறந்துபோனவை பகலும் இரவும் எரிந்தன.

எமிலுக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. “காட்டுக்காக இவ்வளவு பேர்!” என்று அஞ்சலினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊர்ப் பத்திரிகையிலிருந்து வந்த இளம்பெண், தமிழ்ச் சமூகத்துக்கும் மழைக்காட்டுக்கும் உள்ள ஆழமான பந்தம் பற்றி அரைப்பக்கம் எழுதினாள். அஞ்சலின் அதை வாசித்து, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் மடித்து வைத்தாள். சனம் மரத்தைப் பார்க்கவில்லை, மாதாவைப் பார்த்தது. பத்திரிகை சனத்தைப் பார்க்கவில்லை, காட்டைப் பார்த்தது. மரம் தன்பாட்டுக்கு வெட்டப்படக் காத்து நின்றது. எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அவளோ களைப்பில் சும்மா இருந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அவள் படங்களுக்குக் கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடி போட்டால் பார்க்கிறவருக்குத் தன் முகம்தான் தெரியும், காடு தெரியாது என்பது அவள் எண்ணம். ஆனால் எங்கள் சனம் சுரூபத்தைக் கண்டால் சும்மா வராது. தொட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றும். எட்டக்கூடியவர்கள் கையை உயர்த்திச் சிவப்பைத் தொட்டார்கள். எட்டாதவர்கள் வேரைத் தொட்டார்கள். தலையெண்ணெயும் சந்தனமும் கைக்கிறீமும் பட்டு, படத்தில் கருப்புக் கருப்பாக இடங்கள் தோன்றின. பார்த்த அன்று எமில் அஞ்சலினைத் தேடி வந்தார். “முன்னால் கயிறு கட்டித் தடுக்கலாமா?” என்று கேட்டார். எமில் லுசேர்ணில் வைக்க நினைத்திருந்த கண்காட்சிக்கு இந்தப் படம் இனிப் போகமுடியாது என்று இருவருக்கும் தெரிந்தது. அஞ்சலினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் ஒரு பெலன் வேண்டும்.

மறுநாள் பின்னேரம் அவள் மண்டபத்துக்குள் வந்தபோது, படத்தின் பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அறுபதை நெருங்கும் வயது. விடுதியில் வேலை செய்கிறவர்களின் தட்டைச் சப்பாத்து. ஒரு குடும்பம் கிட்ட வந்தது; தகப்பன் கையை உயர்த்தினான்.

“தம்பி, தொடாதேங்கோ. பாருங்கோ. பாத்தாக் காணும்.”

“ஒருக்கா அக்கா.”

“நீங்கள் ஒருக்கா, அவை ஒருக்கா, மாதா என்ன பஸ்ஸிலை பிடிக்கிற கம்பியோ?”

அதுதான் செல்வராணி. ஏரிக்கரை விடுதி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. காலை வேலை முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவாள். நல்லூரடிச் சைவக்காரி. ஒருவரும் அவளைக் காவலுக்கு வைக்கவில்லை. “உவ்வளவு பெரிய படத்தை எடுத்தவவுக்கு அதைத் துடைச்சுக்கொண்டு நிக்கவும் வேணுமோ?” என்றாள், அஞ்சலின் கேட்டபோது. அடுத்த நாள் முதல் இன்னொன்றும் நடந்தது. அஞ்சலினின் கதிரையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி இருக்கும். சோறும் பருப்பும் ஒரு கறியும். யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. அவள் மத்தியானத்தில் தேநீரோடு நிற்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. செல்வராணிதான் என்று ஊகித்து நன்றி சொல்லப் போனால், “பெட்டியைக் கழுவித் தந்தால் போதும், நாளைக்கு வேணும்,” என்பாள்.

ஒருநாள் ஆள் குறைந்த நேரத்தில் செல்வராணி தானாகவே கதையைத் தொடங்கினாள். ஒரே மகள் பிரசாந்தினி லுசேர்ணில் இருக்கிறாள். முந்தி இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. இது மூன்றாவது. ஸ்பிற்றாலில் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று படுக்க வைத்திருக்கிறார்கள்.

“முதல் நாள் வந்து பாத்தவுடனை கேட்டுப் போட்டன் பிள்ளை. பிள்ளையை மடியிலை வைச்சிருக்கிறவவுக்குத் தெரியாதோ எங்கடை வயித்தெரிவு. தாயும் பிள்ளையும் சுகமாய் வீட்டை வந்தால், உனக்கு ஒரு சீலை உடுத்தி விடுறன் எண்டு நேர்ந்திருக்கிறன்.”

அஞ்சலின் சிவப்புக் குறியைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டிலில் கிடக்கிற ஒரு மகளை நினைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு எப்படிச் சொல்வது? “எல்லாம் நல்லாய் நடக்கும் அக்கா,” என்றாள். அந்த வார்த்தை வாயைவிட்டுப் போனதுமே, தானும் அந்த நேர்த்தியில் ஒரு நுனியைப் பிடித்துவிட்டதை உணர்ந்தாள்.

நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலம் முடியுமுன்னே பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தாயும் சுகம். செல்வராணி சொக்லேற் பெட்டியும் ஒரு பெரிய கடதாசிப் பையுமாக மண்டபத்துக்கு வந்தாள். முகம் முழுக்க வெளிச்சம். பைக்குள் நீலச்சீலை, கரையெல்லாம் கல் பதித்து மின்னியது.

“சூரிச்சிலை எடுத்தது. ஒரு ஏணி இருந்தால் காணும். மேலையிருந்து சாத்தி விடுவம்.”

“அக்கா,” என்றாள் அஞ்சலின். “இதிலை ஒருக்கா இருங்கோ. நான் ஒண்டு சொல்லவேணும்.”

சொன்னாள். குறி யார் போட்டது, எதற்குப் போட்டது, ஓடை, குழாய், வழக்கு எல்லாம் சொன்னாள். ஆரம்பத்திலேயே தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னாள். செல்வராணி கையிலிருந்த சீலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப அது இருதயம் இல்லை.”

“இல்லை அக்கா.”

“மாதாவும் இல்லை.”

“அது எனக்குத் தெரியாது. நான் மரத்தைத்தான் எடுத்தனான்.”

“நான் மாதாட்டை எண்டு நினைச்சுத்தானே கேட்டனான். அவ இல்லையெண்டால் தந்தது ஆர்?” செல்வராணியின் குரல் தாழ்ந்துவிட்டது. “எடி பிள்ளை, கடனை நான் ஆருக்குக் கட்டுறது? கட்டாமல் விட்டால் அது எனக்கில்லை, அந்தக் குஞ்சுக்கெல்லோ வந்து விடியும்.”

“மரியஸ்ரைனுக்குக் கொண்டுபோய்க் குடுப்பமே? நானும் வாறன்.”

“அங்கை நான் கேக்கேல்லையே.”

மரம் நிற்கிற ஊரில் தலைவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு அனுப்பினால் மரத்தில் கட்டிவிடுவார் என்றாள் அஞ்சலின்.

“நேர்த்தியைப் போஸ்ற்றிலை அனுப்பிற சனத்தை நீ எங்கையாவது கண்டனியோ?” செல்வராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது, பாதியில் நின்றது. “நீ இனி அங்காலை போகமாட்டியோ?”

“இல்லை அக்கா. எனக்கு ஏலாது. சத்தியமாய் ஏலாது.”

செல்வராணி வற்புறுத்தவில்லை. சீலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள். சொக்லேற் பெட்டியைத் திறந்து அஞ்சலினுக்கும் எமிலுக்கும் கொடுத்தாள். பிறகு போய்விடுவாள் என்று அஞ்சலின் நினைத்தாள். அவளோ எழுந்துபோய்ப் படத்தின் பக்கத்தில், வழக்கமான இடத்தில் நின்றாள். வாசலில் நாலைந்து பேர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

“தொடாதேங்கோ பிள்ளையள்,” என்றாள். “பாத்தாக் காணும்.”

மாதா இல்லை என்று தெரிந்தபின்னும் அவள் அங்கே நின்று காவல் காத்ததை அஞ்சலினால் தாங்கமுடியவில்லை. அலுவலக அறைக்குள் போய், கட்டியான தாள் ஒன்றை எடுத்துத் தமிழில் எழுதினாள்: ‘இந்த மரம் இலங்கையில், இரத்தினபுரிக்கு அப்பால் நிற்கிறது. சிவப்பு நிறம் வெட்டுவதற்காக இடப்பட்ட அடையாளம். இன்னும் வெட்டப்படவில்லை.’ படத்தின் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டினாள்.

ஜோர்ஜ் அண்ணை அடுத்த சனிக்கிழமை வந்து அதை வாசித்துவிட்டு அவளை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “ஏன் தங்கச்சி இந்த வேலை பாத்தனி? சனம் சந்தோசமாய்க் கும்பிட்டுக்கொண்டு போகுது.”

“உண்மை தெரியவேணுமெல்லே அண்ணை.”

“உண்மை எனக்குத் தெரியாதோ? பக்கத்திலை ஒட்டியிருந்த அந்த டொச்சுக் கடதாசியை நான் முதல்நாளே வாசிச்சனான்.” அவர் தொண்டையைச் செருமினார். “வாசிச்சுப்போட்டுத்தான் வாட்ஸ்அப்பிலை போட்டனான். சரி, விடு. இந்த நாட்டிலை பனிக்குள்ளை கிடந்து சாகுற சனம், ஒரு இடத்திலை கூடி நிண்டு அழுதிட்டுப் போகட்டுமே எண்டு பாத்தன்.”

அவரோடு சண்டை பிடிக்கும் தகுதி தனக்கு இல்லை என்று அஞ்சலின் நினைத்தாள். அவரும் அவளும் ஒரே பொய்க்குள்தான் நின்றிருந்தார்கள். அவர் சனத்துக்காகச் சும்மா இருந்தார். அவள் தனக்காக இருந்தாள்.

அதன்பிறகு வரிசை குறைந்தது. சிலர் வாசித்துவிட்டு முகம் சுளித்துப் போனார்கள். சிலர் வாசித்துவிட்டும் கும்பிட்டார்கள். கிழவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி மும்முறை வாசித்தார். பிறகு வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், உது வளர எத்தினை காலம் எடுத்திருக்கும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அஞ்சலினுக்கு அது போதுமாக இருந்தது. போதுமென்று நினைத்துக்கொண்டாள்.

கண்காட்சி முடிந்து படங்கள் இறங்கின. கறைபட்ட பெரிய படத்தைத் திரும்ப அச்சிட்டுத் தருவதாக எமில் சொன்னார். வேண்டாம் என்று மறுத்து, அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் சாத்தி வைத்தாள். காலையில் கண்விழித்தால் கறுத்த விரலடையாளங்கள்தான் முதலில் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்ட இடம். அதில் ஒன்றுகூடச் செல்வராணியுடையது அல்ல. அவள் தொடாமல் கேட்டவள்.

தவக்காலத்தில், இறந்துபோன தகப்பனின் ஆண்டுத்திருப்பலிக்கு மன்னாருக்கு வரச்சொல்லி உறவுகள் கூப்பிட்டார்கள். பயணச்சீட்டு எடுத்த கையோடு அஞ்சலின் செல்வராணிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, அந்தச் சீலை இருக்கோ?”

மறுமுனையில் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

“இருக்கு. ஏன், போகமாட்டன் எண்டனி?”

“மன்னாருக்குப் போறன். அங்கையிருந்து கொஞ்சத் தூரம் பஸ்தானே.” அது கொஞ்சத் தூரமில்லை என்று இருவருக்கும் தெரியும். “ஆனால் அந்தச் சீலை சரிவராது அக்கா. அது பொலியெஸ்ரர். காட்டுக்குள்ளை விட்டால் உக்காது.”

“உக்காட்டில் நல்லதுதானே!”

“கல்லெல்லாம் கழண்டு ஓடைக்குள்ளை விழும். மீன் விழுங்கும். பருத்தியிலை, கொட்டன் சீலை ஒண்டு தாங்கோ.”

“மாதாவுக்குக் கொட்டன் சீலையோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்?”

“அங்கை பாக்கிறதுக்கு ஆர் அக்கா இருக்கினம்?”

துன் புகையிரத நிலையத்தில், ரயில் வருவதற்கு முன், செல்வராணி ஒரு சின்னப் பொதியைக் கொடுத்தாள். வெளிர்நீலக் கைத்தறிச் சீலை. விடுதித் துணி போலக் கூரான மடிப்பு; தோய்த்து இஸ்திரி போட்டிருந்தாள். கைத்தொலைபேசியில் பேத்தியின் படத்தைக் காட்டினாள். ரிஷானி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நித்திரையிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது பிள்ளை. “தாயைப் போலை கோபக்காரி,” என்றாள். ரயில் புறப்படும்போது கையசைக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, படத்தின் பக்கத்தில் நிற்பதைப் போலவே நின்றாள்.

மன்னாரில் பூசை முடிந்தது. கமெராப் பெட்டியை மச்சாள் வீட்டிலேயே விட்டுவிட்டு அஞ்சலின் பஸ் ஏறினாள். கொழும்பில் மாறி, இரத்தினபுரியில் மாறி, பிறகு ஒரு சின்ன பஸ்ஸில் தேயிலைச் சரிவுகளுக்குள்ளால் ஏறினாள். வழக்கு இன்னும் தவணையில்தான் கிடந்தது. ஊர்த்தலைவர் அவளைக் கண்டு மகிழ்ந்து, முன்போல கமெரா முக்காலியைத் தூக்கிவரப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். இல்லை, தனியாகத்தான் போகவேண்டும், ஒரு சின்ன அலுவல் என்றாள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் அவளுடைய கையிலிருந்த பொதியைப் பார்த்தார். கேட்கவில்லை. வழுக்கும், மெல்லப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

காடு நனைந்து கிடந்தது. பாதையில் அவள் பலமுறை நின்று முழங்காலைப் பிடித்துவிட்டாள். இந்த வயதில், இந்த மழையில், வேறொருத்தியின் நேர்த்திக்காக மலை ஏறுகிறோமே என்று சலிப்பு வந்தது. வேறொருத்தியுடையதா என்று மனமே திருப்பிக் கேட்டது. அவள் சும்மா இருந்த அந்த நாட்களில்தானே செல்வராணி கேட்டாள்.

மரம் நின்றது. சிவப்பு மங்கிப் போயிருந்தது. அதன் ஓரங்களில் பச்சையாகப் பாசி ஏறியிருந்தது. நேரில் நின்று பார்க்கையில் மாதா தெரியவில்லை. இங்கிருந்து பார்த்தால் அது வெறும் மரம். அவ்வளவு பெரிய, அவ்வளவு பழைய, மூச்சுவிடுவதைப் போல நனைந்து நின்ற ஒரு மரம்.

சீலையை விரித்தாள். சுற்றிக்கட்டப் பார்த்தாள். வேர்களைச் சுற்றிவர அந்தச் சீலை எந்த மூலைக்கும் காணாது. இரண்டுமுறை சுற்றிப் பார்த்து, வழுக்கி விழப் போய், கடைசியில் சிரித்துவிட்டாள். பிறகு ஒரு வேர்மடிப்பை மட்டும் தெரிந்தெடுத்து, குழந்தையைப் போர்த்துவது போல அதற்குப் போர்த்தி, முந்தானையை வேரின் கீழால் எடுத்து முடிச்சுப் போட்டாள். ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னாள். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டு, செல்வராணி, பிரசாந்தினி, ரிஷானி என்று மூன்று பெயரையும் சத்தமாகச் சொன்னாள். குறியைப் பற்றியும் மரத்திடம் சொன்னாள். இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். மழைச் சத்தத்தில் அவளுக்கே தன் குரல் சரியாகக் கேட்கவில்லை.

ஈரத்தில் சீலையின் நீலம் இருண்டு, மரத்தோடு மரமாகப் படிந்துகொண்டு வந்தது. வெளிச்சம் அழகாக இருந்தது. இத்தனை வருடங்களில் அவள் காத்திருந்த எந்த வெளிச்சத்துக்கும் குறைந்ததல்ல. பைக்குள் கைத்தொலைபேசி இருந்தது. கை அதை நோக்கிப் போனது, பழக்கம். பாதியில் நின்று, திரும்பிவந்து, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. இறுகித்தான் இருந்தது.

காலில் ஏறியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அவள் மெல்ல இறங்கத் தொடங்கினாள்.